கணக்கைச் சொன்னவர் யார்?
ஆன்லைன் வியாபாரத்துக்கு நம்பத்தகுந்த தகவலைத் தேடும் முறை

(ஓமந்தூரில் குடும்பத் தொழில் செய்வோருக்காக நடந்த அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் இன்று வியாபாரம் கடைவாசலோடு நிற்கவில்லை. புர்கா தைக்கும் சகோதரி வாட்ஸ்அப்பில் மாடல் படம் அனுப்புகிறார். தம்ரூட்டும் சமோசாவும் செய்பவர் இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கிறார். அத்தர் விற்பவர், மரச்செக்கு எண்ணெய் விற்பவர், பழைய வண்டி வாங்கி விற்பவர் என்று எல்லோர் கையிலும் செல்போன்தான் கடை. இது நல்ல காரியம். வீட்டில் இருந்தபடியே ஹலாலான சம்பாத்தியத்துக்கு வழி கிடைத்திருக்கிறது.

ஆனால் இந்த வழியில் பணம் தொலைந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. சரக்கு கெட்டுப்போவதாலோ, கூரியர் தாமதமாவதாலோ வரும் நட்டம் சிறியது. பெரிய நட்டம் வருவது ஒரு கணக்கை நம்புவதால். "இந்தத் தொழிலுக்கு இந்தியாவில் இத்தனை ஆயிரம் கோடி சந்தை இருக்கிறது." "திண்டிவனத்தில் மட்டும் 3 லட்சம் பேரிடம் உங்கள் விளம்பரத்தைக் கொண்டு சேர்ப்போம்." "எங்கள் கோர்ஸ் முடித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மாதம் 50 ஆயிரம் சம்பாதிக்கிறார்கள்." இப்படி ஒரு எண்ணைக் கேட்டதும் நம் மனம் இளகிவிடுகிறது. வாயால் சொன்னால் சந்தேகப்படுகிற நாம், எண்ணாகச் சொன்னால் நம்பிவிடுகிறோம். அதை நம்பி நகையை அடகு வைப்பவர்கள் இருக்கிறார்கள். வளைகுடாவில் வெயிலில் நின்று அனுப்பிய பணத்தைக் கட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் இன்று நான் பேசப்போவது விளம்பரம் செய்யும் வித்தையைப் பற்றி அல்ல. அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பற்றி: சந்தையைக் குறித்து நமக்குச் சொல்லப்படும் கணக்கு உண்மையா என்று எப்படிப் பார்ப்பது, உண்மையான கணக்கு எங்கே கிடைக்கும் என்பது.

மூன்று கேள்விகள்

நம் சமுதாயத்துக்கு இது புதிய பாடம் அல்ல. ஒரு செய்தி வந்தால் "யாரிடமிருந்து கேட்டீர்? அவர் யாரிடமிருந்து கேட்டார்?" என்று அறிவிப்பாளர் தொடரைப் பார்க்கும் பழக்கம் நம் மார்க்க அறிஞர்களுடையது. தொடர் நடுவில் அறுந்திருந்தால், செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தள்ளி வைத்தார்கள். அந்த ஒழுங்கை வியாபாரக் கணக்கிலும் கடைப்பிடித்தால் போதும்.

கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, இதை முதலில் எண்ணியவர் யார்? இரண்டு, யாரை, எப்போது, எப்படி எண்ணினார்? மூன்று, இதை என்னிடம் சொல்வதால் சொல்பவருக்கு என்ன கிடைக்கிறது?

உதாரணம் சொல்கிறேன். "மனிதனின் கவனம் இப்போது 8 வினாடிதான், தங்கமீனைவிடக் குறைவு. அதனால் உங்கள் வீடியோ 8 வினாடிக்குள் இருக்க வேண்டும்" என்று மார்க்கெட்டிங் வகுப்புகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது உலகம் முழுக்கப் பரவியது 2015ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கனடா பிரிவு வெளியிட்ட ஓர் அறிக்கையில் இருந்து. ஆனால் அந்த எண்ணை அவர்கள் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை, வேறொரு புள்ளிவிவரத் தளத்தில் இருந்து எடுத்துப் போட்டார்கள். 2017ல் பிபிசி செய்தியாளர் ஒருவர் அந்தத் தளம் குறிப்பிட்ட இடங்களுக்கெல்லாம் போய் விசாரித்தபோது, அப்படி ஓர் ஆய்வைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பெரிய நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருந்ததால் யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. தொடர் அறுந்த செய்தி என்பது இதுதான்.

எண்ணியவரே தவறாக எண்ணுவதும் உண்டு. பேஸ்புக்கில் வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அந்த நிறுவனம் விளம்பரதாரர்களுக்குக் காட்டிவந்த கணக்கு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக 60 முதல் 80 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது என்று 2016ல் தெரியவந்தது. காரணம் எளிது. 3 வினாடிக்கும் குறைவாகப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போனவர்களை வகுக்கும்போது கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த ஆண்டு இன்னொன்று வெளிவந்தது. அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுக்குள் 4.1 கோடிப் பேரை எட்டலாம் என்று பேஸ்புக்கின் விளம்பரப் பக்கம் காட்டியது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கிலோ அந்த வயதினர் சுமார் 3.1 கோடிப் பேர்தான். தங்கள் மதிப்பீடு மக்கள்தொகைக் கணக்கோடு பொருந்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பது நிறுவனத்தின் பதில். அந்த ஊர்ப் பெரிய கம்பெனிகளுக்கே இந்த நிலை என்றால், 500 ரூபாய்க்கு விளம்பரம் போடும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

நம் மாவட்டத்தையே பாருங்கள்

தூரத்து உதாரணம் வேண்டாம், விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை என்ன என்று இணையத்தில் தேடுங்கள். பல இடங்களில் 34 லட்சத்து 58 ஆயிரம் என்று வரும். அது பொய் இல்லை. 2011 கணக்கெடுப்பில் எண்ணியது. ஆனால் 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. இன்றைய விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் அப்போது இருந்தவர்கள் 21 லட்சத்தை ஒட்டித்தான். 2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டுதான் அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆக, பழைய எண்ணை வைத்துக்கொண்டு "உங்கள் மாவட்டத்தில் இத்தனை வாடிக்கையாளர்" என்று ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்தால், பக்கத்து மாவட்டத்துக்காரர்களையும் உங்கள் கல்லாப்பெட்டியில் எண்ணிவிட்டார் என்று அர்த்தம்.

திண்டிவனம் நகரத்தின் மக்கள்தொகை 2011ல் சுமார் 73 ஆயிரம். நகரம் வளர்ந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டாலும், 3 லட்சம் பேரிடம் விளம்பரம் போய்ச்சேரும் என்பவரின் கணக்கு எங்கே இருந்து வந்தது? ஒன்று, ஒரே ஆளின் செல்போனில் நான்கு தடவை தோன்றியதை நான்கு பேராக எண்ணியிருப்பார். அல்லது சுற்றளவைப் பெரிதாகப் போட்டுப் புதுச்சேரியையும் சேர்த்திருப்பார். உங்களுடைய சமோசா சூடு ஆறாமல் புதுச்சேரி போய்ச்சேருமா என்று அவர் யோசிக்கவில்லை. எத்தனை தடவை தோன்றியது, எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊரில் பார்த்தார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். விளம்பரக் கணக்கில் இம்மூன்றும் தனித்தனி வரிசையாகவே இருக்கும்.

நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்?

இவற்றில் பெரும்பாலானவை இலவசம். அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கும். கல்லூரி படிக்கும் நம் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் எடுக்கும் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு. மக்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதற்கு நாட்டில் இதைவிடப் பெரிய கணக்கு இல்லை. 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நடந்த ஆய்வில் 2,61,746 வீடுகளில் விசாரித்தார்கள். எப்படி விசாரித்தார்கள் என்பதையும் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். அதன்படி கிராமப்புறத்தில் ஒரு நபரின் மாதச் செலவு இந்திய அளவில் சராசரியாக 3,773 ரூபாய், நகர்ப்புறத்தில் 6,459 ரூபாய். தமிழ்நாட்டில் கிராமப்புறம் 5,310, நகர்ப்புறம் 7,630. அடுத்த ஆண்டும் ஆய்வு நடந்தது. அதில் இந்திய அளவில் கிராமம் 4,122, நகரம் 6,996.

இது நமக்கு எதற்கு உதவும்? தம்ரூட், சமோசா விற்கும் சகோதரியை எடுத்துக்கொள்வோம். "ஒவ்வொரு குடும்பமும் மாதம் 2 ஆயிரம் ரூபாய்க்கு உங்களிடம் நொறுக்குத்தீனி வாங்கும்" என்று ஒருவர் அவருக்குத் திட்டம் போட்டுத் தருகிறார். 2022-23 ஆய்வில், இந்தியக் கிராமங்களில் 100 ரூபாய் செலவில் ஏறத்தாழ 9 ரூபாய் 60 காசு குளிர்பானம், டீ, பலகாரம், பிஸ்கட், ஓட்டல் சாப்பாடு என்ற மொத்த வகைக்குப் போகிறது. 3,773 ரூபாயில் அது ஆளுக்கு மாதம் 363 ரூபாய். ஐந்து பேர் குடும்பம் என்றால் சுமார் 1,815 ரூபாய். டீக்கடை, பேக்கரி, பெட்டிக்கடை, பிரியாணிக்கடை எல்லாம் சேர்ந்து பங்குபோடும் பணம் அது. தமிழ்நாட்டில் செலவு கூடுதல்தான். ஆனாலும் முழுவதையும் விட்டுவிட்டு ஒரு குடும்பம் 2 ஆயிரம் ரூபாயை நம்மிடம் மட்டும் கொடுக்குமா? ஐந்து நிமிடக் கணக்கில் அந்தத் திட்டம் நிற்காது என்று தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடும் மாதாந்திரக் கணக்கு. எத்தனை இணைப்புகள், எத்தனை பிராட்பேண்ட் இணைப்புகள் என்று அதில் இருக்கும். ஒன்றை மறக்கக்கூடாது. அது எண்ணுவது சிம் இணைப்புகளை, மனிதர்களை அல்ல. டெல்லியில் 100 பேருக்கு 200க்கும் மேற்பட்ட இணைப்புகள் இருப்பதாக அதே கணக்கு சொல்கிறது. சமூக ஊடகக் கணக்குகளும் அப்படித்தான். 2024 தொடக்கத்தில் இந்தியாவில் 46.2 கோடி சமூக ஊடகப் பயனர்கள் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. அதை வெளியிட்ட டேட்டாரிப்போர்ட்டல் தளமே, இவை தனித்தனி மனிதர்களைக் குறிப்பதாக இல்லாமல் இருக்கலாம் என்று அடியில் எழுதியிருக்கிறது. எடுத்துச் சொல்பவர்கள் அந்த அடிக்குறிப்பை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, விளைபொருள் சார்ந்த வியாபாரம் செய்பவர்களுக்கு. அரசின் அக்மார்க்நெட் தளத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஒவ்வொரு நாளும் வந்த வரத்து, குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலும் விற்ற விலை ஆகியவற்றைப் பார்க்கலாம். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதி சந்தை தகவல் மையம், முக்கியப் பயிர்களுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. செக்கு எண்ணெய் விற்கும் சகோதரர்கள் மல்லாட்டை வாங்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். டிஎம்வி என்று பெயர் தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் நம் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்தவை. பக்கத்தில் இருக்கும் அந்த நிலையத்தில் போய்க் கேட்கலாம். யூடியூபில் கேட்பதைவிட அது நல்லது.

நான்காவது, கூகுள் டிரெண்ட்ஸ். மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை, 2004 முதலான தரவோடு, இலவசமாகக் காட்டுகிறது. இதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது காட்டும் 100 என்பது நூறு பேர் அல்ல. அந்தக் காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிடுகிறது. தேடல் குறைவான சிறிய ஊர்களுக்குப் பூஜ்யம் என்று காட்டிவிடும். அதற்காக அங்கே ஆளே இல்லை என்று ஆகாது. மற்றொன்று, சொல். நாம் மல்லாட்டை என்போம், வேறு ஊரில் வேர்க்கடலை, நிலக்கடலை, மணிலா என்பார்கள், பலர் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். ஒவ்வொன்றையும் தனியாகத் தேடிப் பார்த்து ஒப்பிட வேண்டும். மாதத்துக்கு எத்தனை தேடல் என்று அறிய கூகுள் விளம்பரக் கணக்கில் கீவேர்ட் பிளானர் இருக்கிறது. விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்கு அது பெரும்பாலும் "100 முதல் 1,000 வரை" என்ற மாதிரி அகலமான எல்லையைத்தான் காட்டும். அந்த அளவுக்கே அதை நம்ப வேண்டும்.

நமக்கென்று ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. நம் வியாபாரத்தின் உச்சம் ரமலானிலும் பெருநாட்களிலும். பிறைக் கணக்கில் அது ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாட்கள் முன்னால் நகரும். நோன்புப் பெருநாள் தமிழ்நாட்டில் 2024ல் ஏப்ரல் 11, 2025ல் மார்ச் 31. 2024 ஏப்ரலையும் 2025 ஏப்ரலையும் ஒப்பிட்ட ஒரு புர்கா கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் பெருநாள் முந்தைய மாதத்துக்குப் போயிருக்கும். விளம்பர நிறுவனத்தார் ஆங்கில மாதத்தை வைத்துத் தரும் ஒப்பீட்டை அப்படியே ஏற்காதீர்கள். ரமலானோடு ரமலானை ஒப்பிடுங்கள்.

ஐந்தாவது, மெட்டா விளம்பர நூலகம். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களை யாரும் அதில் பார்க்கலாம். எந்த நாளில் தொடங்கியது என்றும் இருக்கும். உங்களைப் போலவே அபாயா விற்பவர் என்ன விலை போடுகிறார், எந்தப் படத்தை மாதக்கணக்கில் மாற்றாமல் ஓட்டுகிறார் என்று கவனியுங்கள். பலன் இல்லாத விளம்பரத்துக்கு ஒருவர் வெகுநாள் பணம் கட்டமாட்டார் என்று ஊகிக்கலாம். ஆனால் அவருக்கு என்ன லாபம் என்று அது சொல்லாது.

எதைத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்?

"இந்தச் சந்தை 2030க்குள் இத்தனை கோடி டாலராக வளரும்" என்று தேடலில் முதலில் வந்து நிற்கும் அறிக்கைகளில் பல, விற்பனைக்கு வைத்த அறிக்கையின் முன்பக்க விளம்பரம். எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது பணம் கட்டினால்தான் தெரியும். ஸ்டாட்டிஸ்டா போன்ற தளங்கள் பலரது கணக்குகளை ஒன்றுசேர்த்து வைப்பவை. அங்கே ஒரு எண் கிடைத்தால், அதை முதலில் எடுத்தவர் யார் என்று பார்த்து அந்த மூலத்துக்குப் போங்கள்.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நம் பிள்ளைகள் நிறையப் பயன்படுத்துகிறார்கள். அது இல்லாத ஆய்வையும் இருப்பதுபோலத் தடுமாறாமல் சொல்லும். எங்கே தேடலாம் என்று அதனிடம் கேளுங்கள், தப்பில்லை. அது தரும் எண்ணை, மூல அறிக்கையைத் திறந்து பார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நட்சத்திர மதிப்பீடுகளும் அப்படியே. பொய் விமர்சனங்களைத் தடுக்க 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரநிலை ஒன்று வந்தது. வந்தபோது அது தாமாக முன்வந்து ஏற்பவர்களுக்கானதாக இருந்தது, கட்டாயமாக அல்ல. ஆகவே ஐந்து நட்சத்திரத்தை எண்ணாமல், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். குறை நிறை இரண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

உங்கள் நோட்டுப் புத்தகம்

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வியாபாரத்தைப் பற்றி மிக நம்பகமான கணக்கை எடுக்கக்கூடியவர் நீங்கள்தான். 40 ரூபாய் நோட்டு ஒன்று போதும்.

ஒரு சகோதரி 1,000 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் விலை கேட்கிறார்கள். 5 பேர் வாங்குகிறார்கள். ஒருவர் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார். நின்றது 4 விற்பனை. ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு 250 ரூபாய். துணி, தையல், கூரியர் போக ஒரு அபாயாவில் அவருக்கு நிற்பது 180 ரூபாய் என்றால், ஒவ்வொன்றிலும் 70 ரூபாய் கைநட்டம். திரும்பி வந்ததற்கான கூரியர் செலவு தனி. விளம்பரம் செய்து கொடுத்தவரோ "40 பேர் விசாரித்தார்கள், அருமையான பலன்" என்று படம் அனுப்புவார். இரண்டும் ஒரே விளம்பரத்தின் கணக்குதான். எது உங்கள் அடுப்பை எரியவைக்கும் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

அதனால் ஐந்து வரிசை போடுங்கள்: செலவு, கேட்டவர்கள், வாங்கியவர்கள், திருப்பியவர்கள், மறுபடி வந்தவர்கள். புதிதாக வருபவரிடம் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு எழுதுங்கள். பலருக்கு, விளம்பரத்தில் வந்தவர்களைவிடப் பக்கத்து வீட்டார் சொல்லி வந்தவர்கள் அதிகம் என்று தெரியவரலாம். சிறிய தொகையில் சோதித்து, இரண்டு மூன்று மாதக் கணக்கு கையில் இருந்தால்தான் பெரிய தொகையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பணம் கேட்டு வருபவரிடம்

கோர்ஸ், ஃபிரான்சைஸ், விளம்பர ஒப்பந்தம் எதுவானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த மூன்று கேள்விகளை அவரிடமே கேளுங்கள். 90 சதவீதம் பேர் சம்பாதிக்கிறார்கள் என்றால், மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? எத்தனை பேரிடம் விசாரித்தீர்கள்? எப்போது? வருமானப் படம் காட்டினால், அது வரவா, செலவு போன மிச்சமா? பதிலை எழுத்தில் கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர் இதற்குக் கோபப்படமாட்டார். "இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்தினால், இன்றைக்குக் கட்டாதீர்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பணம் வாங்கிக்கொண்டு பேசும் சமூக ஊடகப் பிரபலங்கள் அது விளம்பரம் என்று தெரியும்படி காட்ட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2021லேயே விதி வகுத்தது. நுகர்வோர் புகாருக்கு 1915, இணைய வழியில் பணம் பறிபோனால் உடனே 1930. இந்த இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் 1930ஐ அழைத்தால் அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

கற்றுக்கொள்வதற்கும் பெரிய கட்டணம் தேவையில்லை. சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் குறித்துக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. விழுப்புரத்தில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கட்டும் முன் அங்கே ஒரு முறை விசாரியுங்கள்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெண்ணோ பையனோ ஆன்லைனில் தொழில் தொடங்குகிறேன் என்றால் "அதெல்லாம் ஏமாற்று வேலை" என்று தடுத்துவிடாதீர்கள். தடுத்தால் மறைவாகச் செய்வார்கள், நட்டம் வந்தாலும் மறைப்பார்கள். "கணக்கைக் காட்டு, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். கணக்கு எழுதிப் பழகியவர்கள் நீங்கள். செல்போன் பழகியவர்கள் அவர்கள். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்தால், வெளியே இருந்து வருகிற எந்த எண்ணும் விசாரிக்கப்படாமல் வீட்டுக்குள் நுழையாது.

உழைத்துச் சேர்த்த பணத்தை அல்லாஹ் நமக்குப் பாதுகாத்துத் தருவானாக. நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.